குழவியை விழுங்கியவன்: நம் பிள்ளைகளின் கதையில் ஒரு கிரேக்க வில்லன்

வாசகர் கேள்வி, 1 மார்ச் 2025

எங்கள் வட்டாரத்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய தமிழ்ச் சிறுகதைகள் சிலவற்றைப் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவற்றுள் ஒன்றில் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் நால்வர் குரோனோஸ் என்ற கிரேக்கப் புராண வில்லனை எதிர்த்து நிற்கிறார்கள். சூரபதுமனும் மகிடாசுரனும் பகாசுரனும் வாழும் மொழியில் எழுதும் பிள்ளைகள் கடல் கடந்து போய் வில்லன் தேடவேண்டிய தேவை என்ன? அப்படி வந்தவன் தமிழ்க் கதையில் வேர்பிடிப்பானா?

2 மார்ச் 2025, இரவு

நீங்கள் படித்த கதை எங்கள் புளோக் பிள்ளைகள் எழுதியதாக இருக்க முடியாது, ஏனெனில் அவர்களுடைய கதை இன்னும் பாதியில்தான் நிற்கிறது. ஆனால் அதிலும் வில்லன் குரோனோஸ்தான் என்பதால் உங்கள் கேள்வி என்னை நேற்று முழுவதும் விடவில்லை. சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நால்வர் உட்கார்ந்து எழுதுகிறார்கள். உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள், அவளுடைய வகுப்புத் தோழி, அதே புளோக்கின் ஏழாம் மாடியில் இருக்கும் அண்ணன் தம்பி இருவர். அண்ணனுக்குப் பதினாறு வயது, தம்பிக்குப் பதின்மூன்று. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் தங்களுக்கே விதித்துக்கொண்ட கெடு.

அவர்கள் வில்லனைத் தேர்ந்தெடுத்த அன்று நானும் உங்களைப் போலவேதான் கேட்டேன். என் மகள் சொன்ன பதில் இது: "சூரபதுமனை வெல்ல முருகன் வந்துவிடுவார் அம்மா, அப்புறம் எங்களுக்கு அங்கே என்ன வேலை?" தைப்பூசத்தன்று அவளும் பால்குடம் எடுத்தவள்தான், முருகனிடம் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. கதைக்குள் நுழைவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதே அவளுடைய கவலை.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். குரோனோஸ் காலத்தின் கடவுள். தன் பிள்ளைகளுள் ஒருவனால் அரியணையை இழப்பான் என்று அவனுக்கு முன்னறிவிப்பு இருந்தது. ஆகவே மனைவி ரியா பெற்ற ஒவ்வொரு குழந்தையையும் பிறந்த உடனேயே விழுங்கினான். ஹெஸ்டியா, டிமீட்டர், ஹீரா, ஹேடிஸ், பொசைடன் என்று ஐவர் அவன் வயிற்றுக்குள் போயினர். ஆறாவதாகப் பிறந்த ஜீயஸைத் தாய் கிரீட் தீவில் மறைத்துவிட்டு, ஒரு கல்லைக் குழந்தைத் துணியில் சுற்றிக் கணவனிடம் நீட்டினாள். அவன் அதையும் விழுங்கினான். ஜீயஸ் வளர்ந்து வந்து, விழுங்கியவற்றையெல்லாம் கக்கவைத்தான். இதை ஹெசியோட் என்னும் பழைய கிரேக்கப் புலவர் பாடி வைத்திருக்கிறார்.

கம்சனைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் இந்தக் கதை அந்நியமாகப் படாது. பிறக்கப்போகும் பிள்ளையைக் குறித்த அச்சம், பிள்ளையை இடம் மாற்றிக் காப்பாற்றுதல், காவலை ஏமாற்றுதல் எல்லாம் நமக்குத் தெரிந்தவை. ஆனால் கம்சன் தாய்மாமன், குரோனோஸ் தகப்பன். "தந்தை சொல் மிக்க மந்திரம் இல்லை" என்று கொன்றை வேந்தனை மனப்பாடம் செய்யும் மொழியில், தகப்பனையே வில்லனாக்கும் துணிவு நம் மரபுக்கு இருந்ததில்லை என்று நினைக்கிறேன். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அந்தக் கதை தேவைப்படுகிறது; அதனால்தான் வெளியே போய் எடுத்து வருகிறார்கள்.

3 மார்ச் 2025, காலை

நேற்று எழுதியதில் ஒரு பிழை. குரோனோஸ் காலத்தின் கடவுள் என்று எழுதிவிட்டேன். கிரேக்கம் படித்த நண்பர் ஒருவர் தனிச் செய்தியில் திருத்தியிருக்கிறார். டைட்டன்கள் எனப்படும் ஆதி தெய்வங்களின் தலைவனான அவனுடைய பெயர் கப்பா என்ற எழுத்தில் தொடங்குகிறது. காலத்தைக் குறிக்கும் சொல் கை என்ற வேறோர் எழுத்தில் தொடங்குகிறது. இரண்டும் இரண்டு சொற்கள். பழங்காலத்திலேயே பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். ரோமானியரான சிசரோவும் அப்படிச் சேர்த்துப் பேசியிருக்கிறார். ஆகவே இந்தக் குழப்பம் மிகவும் பழையது.

தமிழில் நமக்கு இது இன்னும் சிக்கல். ககரம் ஒன்றுதான் என்பதால் இரண்டு பெயரையும் "குரோனோஸ்" என்றே எழுதுகிறோம்; கண்ணால் பார்த்து வேறுபாடு அறிய வழியே இல்லை. பிள்ளைகளின் கதையில் வில்லன் கடிகாரங்களை நிறுத்துவதாக ஒரு காட்சி இருந்தது. உண்மையைச் சொன்னேன். மூத்த பையன் அரைப் பக்கத்தை ஒரே கோடாக அடித்தான். அவன் அடித்தது நல்லது என்றே எனக்குப் படுகிறது. காலத்தை நிறுத்தும் வில்லன் எந்தப் படத்திலும் கிடைப்பான். பிள்ளையைக் கண்டு அஞ்சும் வில்லன் அரியவன்.

3 மார்ச் 2025, மாலை

இன்னொரு திருத்தம், இது முந்தையதைவிடப் பெரியது. தகப்பனை வில்லனாக்கும் துணிவு நம் மரபுக்கு இல்லை என்று எழுதினேன். செங்காங்கிலிருந்து எழுதும் அக்கா ஒரே சொல்லில் மறுத்துவிட்டார்: "இரணியன்." இராமன் கதையைப் பாடிக்கொண்டிருந்த கம்பர், நடுவில் நிறுத்தி, இரணியன் வதைப் படலம் என்று ஒரு முழுப் படலத்தையே அந்தத் தகப்பனுக்கும் மகனுக்கும் கொடுத்தவர். "சாணினும் உளன்" என்ற அடியைப் பள்ளிப் பேச்சுப் போட்டியில் முழங்கியவள் நான். அந்த நானே அதை மறந்து எழுதியதற்கு வருந்துகிறேன். சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் அக்காவின் பதிலை வைத்து யோசித்தபோது வேறுபாடு இன்னும் தெளிவாகியது. இரணியன் வீழ்வது அவன் பெற்ற வரத்தின் இடைவெளியில். பகலும் அல்லாத இரவும் அல்லாத பொழுது, உள்ளும் அல்லாத புறமும் அல்லாத வாசற்படி, மனிதனும் அல்லாத விலங்கும் அல்லாத உருவம். பிரகலாதன் உறுதியாக நிற்கிறான், ஆனால் கை ஓங்குவது அவன் அல்லன். தூணைப் பிளந்துகொண்டு வேறொருவர் வருகிறார். குரோனோஸுக்கு எந்த வரமும் இல்லை. அவனை வீழ்த்துவது அவனுடைய அவசரமும், ஒரு தாயின் பொய்யும், ஒளிந்து வளர்ந்த ஒரு பிள்ளையும்தான். மேலிருந்து எவரும் இறங்கி வருவதில்லை. என் மகள் தனக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டது இதைத்தான் என்று இப்போது புரிகிறது.

8 மார்ச் 2025

இன்று மாலை இளைய பையன் ஒரு கேள்வி கேட்டான். அதற்குப் பிறகு எவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டு மணி நேரம் பேச்சிலேயே போயிற்று. கேள்வி இது: "வாயில் போட்டது கல் என்று அவனுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?"

அண்ணன் உடனே சொன்னான், அவன் மெல்லாமல் அப்படியே விழுங்கியிருப்பான் என்று. தோழி சொன்னாள், கல் குளிர்ச்சியாக இருக்குமே, குழந்தை சூடாக இருக்குமே, தொட்டாலே தெரியுமே என்று. அவள் வீட்டில் ஐந்து மாதத் தம்பி இருக்கிறான். ஆகவே குழந்தையின் சூட்டைக் கையில் அறிந்து பேசினாள். நான் அடுப்பங்கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இதற்குப் பதில் எந்த நூலிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஹெசியோட் அவனைப் பாவி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கல்லை விழுங்கியதால் மகன் பிழைத்திருப்பதை அவன் உணரவில்லை என்று கடந்துவிடுகிறார்.

கடைசியில் என் மகள்தான் சொன்னாள். "அவன் துணியை விலக்கிப் பார்க்கவே இல்லை. இதற்கு முன்னால் ஐந்து குழந்தைகளையும் அப்படித்தான் விழுங்கியிருப்பான். ஒரு தடவையாவது முகத்தைப் பார்த்திருந்தால் ஆறாவது தடவை முகம் இல்லாதது தெரிந்திருக்கும்."

மேசையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. குளிரூட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மூத்த பையன் தன் குறிப்பேட்டில் "முகம் பார்க்காதவன்" என்று எழுதி அடிக்கோடிட்டான். அவர்களுடைய வில்லன் அந்த நிமிடத்தில்தான் பிறந்தான் என்று நினைக்கிறேன். அதுவரை அவன் இருபது அடி உயரமும் அரிவாளும் கொண்ட ஒரு படம் மட்டுமே.

உங்களுடைய முதல் கேள்வியைப் பற்றி இன்று எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. வெளிநாட்டு வில்லன் எடுபடாமல் போவதற்குக் காரணம் அவன் வெளிநாட்டவன் என்பதன்று. பலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அச்சத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். அதனால்தான் அவன் பொம்மையாகிறான். நான் படித்த பல இளையோர் கதைகளில் டைட்டன் கட்டடங்களை இடிப்பான், வானத்தைக் கருப்பாக்குவான். எதற்காக என்று கேட்டால் உலகை ஆள்வதற்காம். உண்மையான குரோனோஸ் உலகை ஏற்கெனவே ஆண்டுகொண்டிருந்தவன். மனிதரின் பொற்காலமே அவன் ஆட்சியில்தான் இருந்தது, உழைப்பும் துயரமும் இல்லாமல் வாழ்ந்தார்கள் என்று அதே ஹெசியோட் பாடுகிறார். எல்லாம் கையில் இருந்தும் பிறக்கும் பிள்ளையைக் கண்டு நடுங்கினான்.

9 மார்ச் 2025

நேற்று இரவு படுத்த பிறகுதான் இது என் நினைவுக்கு வந்தது. எழுந்து விளக்கைப் போட்டு எழுதி வைத்தேன்.

தமிழில் குழவி என்றால் குழந்தை. "குழவி இறப்பினும்" என்று தொடங்குகிறது புறநானூற்றின் 74ஆம் பாட்டு. சிறையில் தண்ணீருக்காகக் காத்திருந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியது. அதே தமிழில் குழவி என்றால் அம்மியின் மேல் உருளும் கல். ரியா குழவிக்குப் பதிலாகக் குழவியைக் கொடுத்தாள்! கிரேக்க மொழியில் இந்த ஒற்றுமை கிடையாது. நம் மொழியில் மட்டும் அந்தத் தாயின் பொய் பொய்யே ஆகவில்லை. அவள் சொன்னது உண்மையான சொல்தான்.

என் பாட்டி சிராங்கூன் சாலைப் பக்கம் குடியிருந்த காலத்தில் வாங்கிய அம்மி எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. அம்மியை எவரும் தொடுவதில்லை. குழவி மட்டும் எப்போதாவது இஞ்சி நசுக்கப் பயன்படுகிறது. எங்கள் குடும்பத்தில் குழந்தையைத் தொட்டிலில் இடும் நாளில், முதலில் இந்தக் குழவியைத் துணியில் சுற்றி, பொட்டிட்டு, தொட்டிலில் போட்டு ஆட்டிய பிறகே குழந்தையைப் போடுவார்கள். கல்லைப்போல் கெட்டியாகப் பிள்ளை வளர வேண்டும் என்று பாட்டி காரணம் சொல்வார். என் மகளுக்கும் அப்படித்தான் செய்தோம். துணி சுற்றிய கல்லைப் பெண்கள் கையிலிருந்து கைக்கு மாற்றும்போது, தலைப்பக்கத்தைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அது கல் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் அதன் தலையைத் தொங்கவிடவில்லை.

இன்று காலை பிள்ளைகளைக் கூப்பிட்டு, பாட்டியின் பழைய சுங்குடிச் சேலையில் குழவியைச் சுற்றி அவர்கள் கையில் கொடுத்தேன். இளையவன் எடை இயந்திரத்தைக் கொண்டுவரச் சொன்னான். தானும் குழவியுமாக ஏறி நின்றான், பிறகு தான் மட்டும் நின்றான், கழித்துப் பார்த்தான். மூன்று கிலோவும் கொஞ்சமும். என் மகள் பிறந்தபோது மூன்று கிலோ நூறு கிராம். அவனுடைய கேள்விக்குப் பாதி விடை அங்கே கிடைத்தது: எடை சரியாகத்தான் இருந்தது.

தோழி மட்டும் சேலையை விலக்கிக் கல்லில் கை வைத்துப் பார்த்தாள். அதற்குள் நால்வர் கையிலும் மாறி மாறி இருந்ததால் அது வெதுவெதுப்பாக இருந்தது.

12 மார்ச் 2025

குரோனோஸை ஒரு செயற்கை நுண்ணறிவு நிரலாக மாற்றிவிட்டால் "நவீன" கதை ஆகிவிடும் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். அக்கறையோடு சொன்னதற்கு நன்றி, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. வயிறு இல்லாதவன் குரோனோஸ் ஆக மாட்டான். பிள்ளைகள் இந்தக் காலத்தவர் என்பதே கதையை இந்தக் காலத்துக் கதையாக்கப் போதும். அவர்கள் கையில் கைப்பேசி இருக்கிறது, மின்தூக்கிக்குக் காத்திருக்கிறார்கள், துணைப்பாட வகுப்புக்கு நேரமாகிறது என்று ஓடுகிறார்கள்.

16 மார்ச் 2025

பள்ளி விடுமுறை தொடங்கியதால் நேற்றுச் சீக்கிரமே கூடிவிட்டார்கள். வில்லன் ஏன் சிங்கப்பூருக்கு வர வேண்டும் என்பதுதான் அவர்களை இரண்டு வாரமாக வாட்டிய சிக்கல். மற்ற கதைகளில் செய்வதுபோல், பிள்ளைகளைக் கிரேக்கக் கடவுள்களின் வாரிசுகள் என்று சொல்லிவிடலாம் என்பது மூத்தவனின் முதல் யோசனை. என் மகள் ஒத்துக்கொள்ளவில்லை. வாரிசாகப் பிறந்தவர்களுக்குத்தான் வில்லனை எதிர்க்க உரிமை என்றால் அது மறுபடியும் முருகன் கதைதானே என்றாள்.

விடை தோழியிடமிருந்து வந்தது. அவள் வீட்டில் மலாய்க் கதைகள் பேசப்படுவதுண்டு. அவளுடைய பெரியம்மா சொன்ன பாடாங் கதையை அவள் சொன்னாள். மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் உள்ள கதை அது. பாடாங் ஓர் அடிமை. ஆற்றில் அவன் வைத்த மீன்பொறியிலிருந்து மீன்கள் காணாமல் போயின. முள் மட்டும் கிடந்தது. ஒளிந்திருந்து பார்த்தால் திருடியது ஒரு பூதம். தாடியைப் பிடித்துக்கொண்டான். விட்டுவிடு, கேட்டதைத் தருகிறேன் என்றது பூதம். அவன் பலத்தைக் கேட்டான். அப்படியென்றால் நான் கக்குவதை நீ உண்ண வேண்டும் என்றது. அவன் உண்டான். பின்னாளில் சிங்கப்பூர் அரசனின் வீரனானான். கலிங்க நாட்டிலிருந்து போட்டிக்கு வந்த மல்லனுக்கு எதிரில், அரண்மனை முன் கிடந்த பெரும் பாறையைத் தூக்கி ஆற்றின் முகத்துவாரத்தில் வீசினான்.

கக்கியது, கல். இரண்டும் இங்கேயே இருக்கின்றன!

குரோனோஸ் கக்கியபோது முதலில் வெளிவந்தது கடைசியாக விழுங்கிய கல்தான். ஜீயஸ் அதை டெல்ஃபியில் நட்டுவைத்தான் என்கிறார் ஹெசியோட். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்கே போன பாசனியாஸ் என்ற பயணி அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறார். பெரிய கல் அன்று, நாள்தோறும் அதற்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள், திருவிழா நாள்களில் பதப்படுத்தாத ஆட்டுமயிரைச் சாத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். இதை நான் படித்துக் காட்டியபோது, "எண்ணெய்க் காப்பு!" என்று அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் சொன்னார்கள். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

17 மார்ச் 2025

நேற்றைய மகிழ்ச்சியில் எழுதியதைக் கொஞ்சம் கட்டுக்குள் வைக்க வேண்டும். கிரேக்கக் கதைக்கும் பாடாங் கதைக்கும் வரலாற்றுத் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எவரும் அப்படி எடுத்துக்கொண்டு பரப்பிவிட வேண்டாம். ஆற்று முகத்துவாரத்தில் எழுத்து பொறித்த பாறை ஒன்று நின்றது உண்மை. 1843இல் ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தப்பிய துண்டு தேசிய அரும்பொருளகத்துக்குச் சொந்தமானது. அதிலுள்ள எழுத்து இன்றுவரை முழுமையாகப் படிக்கப்படவில்லை. மகள் தொடக்கப் பள்ளியில் இருந்தபோது அழைத்துப் போய்க் காட்டினேன். எழுத்துகள் தேய்ந்து, மழை விழுந்த மணல்போல் இருந்தன. பாடாங் வீசிய கல் அதுதான் என்பது மக்கள் வழக்கு. கதை எழுதும் பிள்ளை மக்கள் வழக்கை எடுத்துக்கொள்ளலாம். வரலாறு எழுதுபவர் நிதானிக்க வேண்டும்.

பிள்ளைகள் முடிவுசெய்தது இது: தன்னை ஏமாற்றிய கல்லைத் தேடிக் குரோனோஸ் ஊர் ஊராக அலைகிறான். ஆற்றோரத்தில் தகர்ந்துபோன ஒரு கல்லைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதுவாக இருக்குமோ என்று இங்கே வருகிறான். அது அவனுடைய கல் அன்று. தவறான ஊருக்கு வந்துவிட்டான். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

22 மார்ச் 2025

விழுங்கப்பட்ட ஐவரைப் பற்றி இதுவரை எவரும் எதுவும் எழுதவில்லை. இன்று அதைப் பேசினோம். முதலில் உள்ளே போனவள் ஹெஸ்டியா. கடைசியாகப் போனது முதலில் வெளிவந்ததால் அவள் எல்லாருக்கும் கடைசியாக வந்தாள். ஆகவே மூத்தவளும் அவளே, இளையவளும் அவளே என்று பழைய கிரேக்கத் துதிப்பாடல் ஒன்று சொல்கிறது. நாம் சொல்வதானால் அக்காவே தங்கையுமானவள். அவள் அடுப்பின் தெய்வம். வீட்டின் நடுவே எரியும் நெருப்பு அவளுடையது.

உள்ளே இருட்டில் அந்த ஐவரும் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று ஹெசியோட் ஒரு வரியும் சொல்லவில்லை. தோழி அதைத் தானாகவே எழுதி வந்திருந்தாள். வயிற்றுக்குள் புதிதாக ஒரு குழந்தை வந்து விழும் ஒவ்வொரு முறையும் ஹெஸ்டியா கையால் தடவி, "உனக்கு முகம் இருக்கிறதா?" என்று கேட்டு, கண், மூக்கு, வாய் என்று தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். ஆறாவதாக விழுந்ததையும் அப்படியே தடவுகிறாள். கண் இல்லை, மூக்கு இல்லை. அப்போது அவள் அழவில்லை, சிரிக்கிறாள். தம்பி தப்பிவிட்டான் என்று முதலில் அறிந்தவள் அவள்தான்.

நான் முப்பது ஆண்டுகளாகத் தமிழில் கதை படிக்கிறேன். இந்தப் பத்தியைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

29 மார்ச் 2025

வில்லனை என்ன செய்வது என்பதில் இன்று சண்டையே வந்துவிட்டது. மூத்தவன், தோற்றவனை டார்டரஸில் தள்ள வேண்டும் என்றான். பூமியிலிருந்து ஒரு வெண்கலப் பட்டடையைப் போட்டால் ஒன்பது பகலும் ஒன்பது இரவும் விழுந்து பத்தாம் நாள்தான் அந்தப் பாதாளத்தை அடையும் என்பது ஹெசியோடின் கணக்கு. அந்த அளவு அவனைக் கவர்ந்துவிட்டது. நானும் அவன் பக்கமே பேசினேன். வில்லன் தண்டனை பெறாமல் போனால் படிப்பவர்களுக்கு நிறைவு இருக்காது என்றேன்.

வீட்டு வேலை முடிந்து யோசித்தபோது நான் சொன்னது சரியில்லை என்று பட்டது. குரோனோஸின் தகப்பன் ஊரானோஸ். அவனும் பிள்ளைகளை வெறுத்து மண்ணுக்குள்ளேயே அழுத்தி வைத்தவன். தாய் கையா அரிவாளைச் செய்து, எவர் துணிவீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டபோது எல்லாரும் வாயடைத்து நின்றார்கள். "நான் செய்கிறேன்" என்று முன்வந்தவன் கடைக்குட்டி, குரோனோஸ். ஆகவே நம் வில்லன் ஒரு காலத்தில் இந்தக் கதையின் கதாநாயகனாக இருந்தவன். பிறகு ஜீயஸ் வென்றான். வென்றவன் என்ன செய்தான்? தன் மனைவி மீட்டிஸ் பெறும் மகன் தன்னை மிஞ்சுவான் என்று முன்னறிவிப்பு வந்ததும், கருவுற்றிருந்த அவளையே விழுங்கினான். கிரேக்கப் புராணங்களைத் தொகுத்த அப்பொல்லோடோரஸ் சொல்லும் கதையில், குரோனோஸைக் கக்கவைக்க மருந்து கொடுத்து உதவியவளும் இந்த மீட்டிஸ்தான். பாட்டன், தகப்பன், மகன் மூவருக்கும் ஒரே நோய்.

இதைப் பிள்ளைகளுக்குச் செய்தியாக அனுப்பினேன். மூத்தவன் நெடுநேரம் பதில் எழுதவில்லை. இரவு பதினொரு மணிக்கு ஒரே வரி வந்தது: "அப்படியென்றால் அவனைத் தள்ளுகிறவன் அடுத்த குரோனோஸ் ஆவான், ஆன்ட்டி." பட்டடையை அவனே கதையிலிருந்து எடுத்துவிட்டான். பிற்காலக் கவிஞரான பிண்டார், ஜீயஸ் டைட்டன்களை விடுவித்துவிட்டான் என்று பாடியிருப்பதையும், நல்லோர் வாழும் தீவுகளில் குரோனோஸை அரசனாக வைத்திருப்பதையும் அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். கிரேக்கர்களுக்கும் அந்தப் பாதாளம் மனத்துக்கு ஒப்பவில்லை போலும்.

1 ஏப்ரல் 2025

நேற்று ஹரி ராயா. தோழியின் வீட்டுக்கு எல்லாரும் போயிருந்தோம். பிரியாணி உண்ட கையோடு நால்வரும் அறைக்குள் போய்க் கடைசிக் காட்சியை எழுதி முடித்துவிட்டார்கள். கேட்டவர் நீங்கள் என்பதால் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

புளோக்கின் கீழ்த்தளம், சதுரங்கக் கட்டம் வரைந்த கல்மேசை. இரவு. குரோனோஸ் அங்கே உட்கார்ந்திருக்கிறான். பெரிய உருவம் இல்லை, பக்கத்து வீட்டுத் தாத்தாவின் அளவுதான். பிள்ளைகள் பாட்டியின் சேலையில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறார்கள். அவன் பழக்கத்தில் வாயைத் திறக்கிறான். "முதலில் அவிழ்த்துப் பாருங்கள்" என்கிறான் இளையவன். அவனுக்கு அவிழ்க்கத் தெரியவில்லை. எத்தனையோ யுகங்களாக எந்த முடிச்சையும் தொடாத விரல்கள். தோழி வந்து, முந்தானை முனையை எடுத்துக் கொடுக்கிறாள். ஒவ்வொரு சுற்றாகப் பிரிகிறது. உள்ளே கல். அவன் அதைக் கையில் எடுத்து, தடவி, கண்ணைத் தேடுகிறான்.

"குழவி எங்கே?" என்று கேட்கிறான்.

"இங்கேதான் நிற்கிறோம்" என்கிறார்கள் நால்வரும். அவன் முதல் முறையாக நிமிர்ந்து பார்க்கிறான். கதை அந்த இடத்தில் முடிகிறது.

"இது குழவிதானே" என்று கல்லைக் காட்டி ஒருவர் பதில் சொல்ல வேண்டும், அப்போதுதான் சொல்லின் இரண்டு பொருளும் படிப்பவருக்குப் புரியும் என்று மூத்தவன் இன்னும் வாதிடுகிறான். வேண்டாம், தமிழ் தெரிந்தவர்களுக்குப் புரியும் என்கிறாள் என் மகள். நானும் அவள் பக்கம்தான். தட்டச்சு முடியும்வரை குழவியைத் தன் மேசைமேல் வைத்துக்கொள்ளலாமா என்று இளையவன் கேட்டான். சேலையோடு சுற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மின்தூக்கி வரும்வரை அவன் அதன் தலைப்பக்கத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.